கண் உலர்கிறதா? வீட்டு வைத்தியம் இமைக்கு வெளியே நிற்கட்டும்!

மாலை ஐந்து மணிக்கு மேல் மானிட்டரைப் பார்க்கும்போது கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்துகிறதா? எழுத்துக்கள் மங்கலாகி, இரண்டு முறை இமையைச் சிமிட்டியதும் மீண்டும் தெளிவாகின்றனவா? எந்தச் சோகமும் இல்லாமல் கண்ணில் நீர் வழிகிறதா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று சொல்பவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் என்ஜினீயராக வேலை பார்க்கிறேன். மாதத்தில் பத்து நாட்கள் சொந்த ஊரிலிருந்தே லேப்டாப்பில் வேலை செய்யும் வசதி உண்டு. ஊர், சாத்தூருக்குக் கிழக்கே உள்ள இருக்கன்குடி. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கும் மாரியம்மன் கோவிலால் பெயர் பெற்ற ஊர். கண் நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இங்கு வருபவர்கள் ஏராளம். குணமானவர்கள் கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரனான நானே, சென்ற ஆண்டு ஆடிக் கடைசி வெள்ளிக்கு இரண்டு கண்களும் சிவந்துபோய் வந்து இறங்கினேன்.

ஒரு புராஜெக்டை முடித்துக்கொடுக்க வேண்டிய நெருக்கடி. தினமும் 12 மணி நேரம் ஸ்க்ரீன், முகத்துக்கு நேரே ஏ.சி. காற்று. கண் சிவந்தபோது மருந்துக்கடையில் கேட்டு, சிவப்பை நீக்கும் சொட்டு மருந்து வாங்கி ஆறு வாரம் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிய ஒரு மணி நேரம் கண் வெள்ளை வெளேர் என்று இருக்கும். பிறகு முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். மறுபடி ஊற்றுவேன்.

என் கண்ணைப் பார்த்ததும் தெருவே வைத்தியர் ஆகிவிட்டது. ஒருவர் தேன் என்றார். ஒருவர் விளக்கெண்ணெய் என்றார். பன்னீர், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று பட்டியல் நீண்டது. இணையத்தில் தேடினாலும் இதே பட்டியல்தான். இவற்றில் எதை நம்புவது? எனக்கு அதற்குப் பதில் சொன்னவர் என் அப்பத்தா.

அப்பத்தாவின் இடது கண்

அப்பத்தாவுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருக்கும். கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் நான் அதன் காரணத்தைக் கேட்டதே இல்லை. அன்றுதான் சொன்னார். பன்னிரண்டு வயதில் சோளத்தட்டை அறுக்கும்போது கண்ணில் ஏதோ விழுந்திருக்கிறது. உறுத்தல் நிற்கவில்லை. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டிருக்கிறார்கள். அடுத்து வேறு ஏதோ இலைச்சாறு. ஒரு வாரத்தில் கண் வீங்கிச் சீழ் வடிந்து, பார்வையும் போய்விட்டது.

"ஏய்யா, கண்ணுக்குள்ள மட்டும் எதையும் ஊத்திராத. எனக்கு ஊத்துனவுக எல்லாரும் நல்லது நெனச்சுத்தான் ஊத்துனாக" என்றார் அப்பத்தா.

அவர் கண்ணில் நடந்ததை மருத்துவர்கள் கருவிழிப் புண் என்கிறார்கள். கருவிழியில் விழும் சிறு கீறல் வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ உள்ளே போய்ப் புண்ணாகி, ஆறும்போது தழும்பாகிவிடும். விவசாய வேலை நடக்கும் நம் பகுதியில் இது அபூர்வமான நோய் அல்ல. மதுரை மாவட்டத்தில் நடந்து 1996ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அப்பத்தாவுக்கு முதலில் கீறல் விழுந்ததா, சாறு மூலம் கிருமி போனதா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சுத்தம் செய்யப்படாத சாறு, புண்பட்ட கண்ணில் கிருமியைக் கொண்டு சேர்க்கும் என்பது மட்டும் நிச்சயம்.

எனவே வீட்டு வைத்தியங்களை நான் இரண்டு ஃபோல்டர்களாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று, இமைக்கு வெளியே செய்பவை. மற்றொன்று, கண்ணுக்குள் விடுபவை. முதல் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம். இரண்டாவதை டெலீட் செய்துவிட வேண்டியதுதான். ஏன் என்பதைப் பார்ப்போம்.

கண் ஏன் உலர்கிறது?

உங்கள் மானிட்டர் பொதுவாக விநாடிக்கு 60 முறை ரெஃப்ரெஷ் ஆகிறது. கண்ணுக்கும் ஒரு ரெஃப்ரெஷ் உண்டு. அதுதான் இமைச் சிமிட்டல். ஒவ்வொரு சிமிட்டலிலும் இமை, கண்ணீரை ஒரு மெல்லிய படலமாகக் கருவிழி மீது பூசுகிறது. இந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். இதில் கண்ணின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் சளிப்பொருள், அதோடு கலந்த நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய் ஆகியவை இருக்கின்றன. எண்ணெய், நீர் ஆவியாகாமல் தடுக்கும் மூடி மாதிரி. அது இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சிறு சுரப்பிகளிலிருந்து வருகிறது.

கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்தால் இந்த ரெஃப்ரெஷ் குறைந்துவிடுகிறது. 1993ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 104 அலுவலக ஊழியர்களின் சிமிட்டலை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10 முறை, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது வெறும் 7 முறை! போதாததற்கு, திரையைப் பார்க்கும்போது பல சிமிட்டல்கள் அரைகுறையாகவே நிகழ்கின்றன. மேல் இமை கீழே வரை இறங்குவதே இல்லை. கண்ணின் கீழ்ப்பகுதி காய்ந்துகொண்டே இருக்கும். முழுதாகச் சிமிட்டாததால் இமை ஓரச் சுரப்பிகளும் எண்ணெயைச் சரியாக வெளியேற்றுவதில்லை. தேங்கிய எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது.

"என் கண்ணில் நீர் கொட்டுகிறதே, அது எப்படி உலர்ந்த கண் ஆகும்?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். உறுத்தலைச் சமாளிக்கக் கண் அவசரமாகக் கொட்டும் நீர் அது. படலமாக நிலைத்து நிற்காமல் கன்னத்தில் வழிந்து போய்விடும். கண் மறுபடி காயும்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். நன்றாகச் சிமிட்டிவிட்டு, இமைக்காமல் எத்தனை விநாடி வைத்திருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். 10 விநாடிக்குள் எரிச்சல் வந்தால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைகிறது என்று சந்தேகிக்கலாம். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல, ஒரு குறிப்பு மட்டுமே. எனக்கு 4 விநாடி வந்தது.

முதலில் கம்ப்யூட்டரைச் சரி செய்யுங்கள்

வைத்தியத்துக்கு முன் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

1. மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ, அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கீழ்நோக்கிப் பார்க்கும்போது மேல் இமை பாதி இறங்கி, கண்ணின் திறந்த பரப்பு குறைகிறது. பரப்பு குறைந்தால் ஆவியாவதும் குறையும். உயரமான மேஜையில் மானிட்டரை வைத்து அண்ணாந்து பார்ப்பது மிகவும் மோசம்.

2. திரைக்கும் கண்ணுக்கும் 50 முதல் 70 செ.மீ. இடைவெளி வேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. எழுத்து சிறியதாக இருந்தால் கண்ணைச் சுருக்காதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிரவுசரில் கன்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினால் போதும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் என்று போய் எல்லா இடத்திலும் பெரிதாக்கலாம்.

4. ஏ.சி., மின்விசிறி, ஏர் கூலர் எதுவும் முகத்துக்கு நேரே வீசக் கூடாது. இரவு தூங்கும்போதும் இதைக் கவனியுங்கள். பைக் ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்கள்.

5. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். அந்த நேரத்தில் நன்றாகச் சிமிட்டவும் செய்யுங்கள். மறந்துபோகும் என்றால் ஸ்ட்ரெட்ச்லி, ஒர்க்ரேவ் போன்ற இலவச மென்பொருள்கள் திரையில் நினைவூட்டும். அதுவும் வேண்டாம் என்றால் மொபைல் டைமரே போதும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கம்ப்யூட்டர் வேலையால் வரும் கண் சோர்வை இவை குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் ஸ்டாண்ட் வாங்குங்கள்.

இமைக்கு வெளியே: செய்யலாம்

வெந்நீர் ஒத்தடம்: வீட்டு வைத்தியங்களில் மருத்துவர்களும் பரிந்துரைப்பது இதுதான். சுத்தமான பருத்தித் துணியைச் சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள் மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்கவும். அடைத்திருக்கும் எண்ணெய் இளகும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மறுபடி மறுபடி நனைக்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் மட்டுமே இமையில் வைக்கவும். ஒத்தடத்துக்குப் பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவிவிடவும். கருவிழியை அழுத்தக் கூடாது.

இமைச் சுத்தம்: இமை ஓரத்தில் பொடுகு மாதிரி படிந்திருந்தால், கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் கண்ணை மூடிக்கொண்டு துடைத்து எடுக்கவும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு.

சிமிட்டல் பயிற்சி: கண்ணை மெல்ல மூடி 2 விநாடி, பிறகு சற்று இறுக்கி 2 விநாடி, பிறகு திறக்கவும். இப்படி ஐந்து முறை. கம்பைல் ஆகும் நேரம், ஃபைல் டவுன்லோட் ஆகும் நேரம் எல்லாம் இதற்குத்தான்.

வெள்ளரிக்காய்: சாத்தூர் வெள்ளரிக்குப் பேர் போன ஊர். இதைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் நுழைய முடியாது! நன்கு கழுவி நறுக்கிய வில்லையை மூடிய இமை மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். அரிப்புக்கு ஆறுதல் தரும். பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருப்பதே பாதி பலன். ஆனால் அடைத்த எண்ணெயை இளக்கச் சூடுதான் வேண்டும். வெள்ளரியால் அது நடக்காது. மீதி வில்லையை உப்பு, மிளகாய்த் தூள் போட்டுச் சாப்பிடுங்கள். போட்ட கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள்.

கீரையும் மீனும்: பொன்னாங்கண்ணி, முருங்கை, அகத்தி எல்லாம் நல்லவைதான். வைட்டமின் ஏ குறைபாடு வந்தால் கண் உலர்ந்து பார்வையே போகலாம் என்பது உண்மை. ஆனால் வழக்கமாக நன்கு சாப்பிடுபவருக்கு வரும் கம்ப்யூட்டர் எரிச்சலுக்கு வைட்டமின் குறைவு காரணமாக இருப்பது அரிது. மீன் எண்ணெய் மாத்திரையை ஓராண்டு கொடுத்து 535 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2018ல் வெளியானது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அது குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை. எனவே மத்தி மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்து மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்: தலைக்கு எண்ணெய் தேய்த்தால் கண்ணீர் அதிகம் சுரக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆதாரம் இல்லை. ஆனால் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மதியம் தூங்குபவர், அன்று லேப்டாப்பைத் திறப்பதில்லை. அது கண்ணுக்கு நல்லது. சீயக்காய் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குள்: வேண்டவே வேண்டாம்

தேன், விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால், பூச்சாறு, இலைச்சாறு, வெங்காயச் சாறு, வீட்டில் கலக்கிய உப்பு நீர் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. இவை எல்லாமே கெட்ட பொருள்கள் என்பதல்ல காரணம். கண்ணுக்குள் விடும் எதுவும் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நம் சமையலறையில் அந்த வசதி இல்லை. கோவில் தீர்த்தத்தைக்கூட அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு இமை மேல்தான் ஒற்றிக்கொள்வார். குழாய்த் தண்ணீரிலும் கருவிழியைத் தாக்கும் அமீபா வகை இருக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸைக் குழாய் நீரில் கழுவவே கூடாது.

தொழிற்சாலையிலேயே தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். சென்னை அருகே தயாராகி அமெரிக்காவில் விற்பனையான ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்து, 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. எளிதில் மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் பாக்டீரியா தொற்றோடு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைத் தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை பறிபோனது, மேலும் 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தார்கள். இத்தனை கட்டுப்பாடுகள் உள்ள தொழிலிலேயே இப்படி என்றால், அம்மியில் அரைத்த சாற்றை என்னவென்று சொல்வது?

சொட்டு மருந்து வாங்கும் முன்

உலர்ந்த கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர் நல்ல துணைதான். அதில் பொதுவாகக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போன்ற ஈரம் காக்கும் பொருள் இருக்கும். ஆனால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

பல மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி ஊற்றினால் கண்ணின் பரப்பையே உறுத்தும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், அது சேராத மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதம் ஆனதும், மருந்து மீதி இருந்தாலும் தூக்கி எறியுங்கள். பாட்டில் முனை கண்ணிலோ விரலிலோ படக் கூடாது. ஒருவர் மருந்தை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

சிவப்பை நீக்கும் மருந்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெளுப்பாகக் காட்டும். உலர்வைக் குணமாக்காது. நிறுத்தியதும் சிவப்பு திரும்பி வரும். நான் ஆறு வாரம் ஏமாந்தது இப்படித்தான். இதைவிட ஆபத்தானது, சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. நீண்ட நாள் ஊற்றினால் கண் அழுத்த நோயும் புரையும் வரலாம். இழந்த பார்வை, அழுத்த நோயில் திரும்புவதில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், சிமிட்டினாலும் தெளியாத மங்கல், சீழ், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள். நம் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. பட்டாசு, தீப்பெட்டி வேலையில் இருப்பவர்களுக்கு உறுத்தல் வந்தால் அது உலர்வு என்று முடிவு கட்டாதீர்கள். ரசாயனத் தூள் விழுந்திருந்தால் கசக்காமல், உடனே சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெடித்துக் காயம் பட்ட கண்ணை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது.

வாய் உலர்வும் மூட்டு வலியும் சேர்ந்து இருந்தாலோ, சர்க்கரை, தைராய்டு கோளாறு இருந்தாலோ, அலர்ஜி மாத்திரை தொடர்ந்து எடுத்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உலர்வுக்கு இவையும் காரணமாகலாம்.

நல்ல கண் மருத்துவம் நமக்குத் தொலைவில் இல்லை. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பின் 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று திருநெல்வேலி உட்படப் பல ஊர்களில் இருக்கிறது. அப்பத்தா சிறுமியாக இருந்தபோது இப்படி ஓர் இடம் இல்லை.

என்னைப் பரிசோதித்த மருத்துவர் சிவப்பு நீக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னார். ஒத்தடம், சிமிட்டல், ஒரு செயற்கைக் கண்ணீர், மானிட்டர் உயரம், இவ்வளவுதான் சிகிச்சை. முதல் பத்து நாள் சிவப்பு அப்படியேதான் இருந்தது. ஆறாவது வாரத்தில் மாலை எரிச்சல் பெருமளவு குறைந்தது. இப்போது இமைக்காமல் 11 விநாடி இருக்க முடிகிறது. ஒத்தடத்தை விட்டால் திரும்பி வருகிறது என்பதால், பல் துலக்குவது போல் தினமும் செய்கிறேன்.

ஊரில் இருக்கும் நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு அப்பத்தாவே வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிடுவார். துணியை முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கண்மலரும் செலுத்திவிட்டோம். அது அவருடைய நேர்த்திக்கடன். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை முறை சிமிட்டினீர்கள்? நினைவில்லை அல்லவா? இப்போது ஒரு முறை, முழுதாக.